தொட்டியில் ஒரு மலைச்சரிவு

நர்சரியில் வாங்கும்போது எலுமிச்சைச் செடி அழகாகத்தான் இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டடி உயரத்தில் கரும்பச்சை இலைகளோடு நிற்கும். நாலைந்து காய்கூடத் தொங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய தொட்டிக்கு மாற்றி, எரு போட்டு, தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்ப்போம். ஓராண்டு கழிவதற்குள் கொழுந்து வெளிற ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் எரு போடுகிறோம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம், வெளிறல்தான் கூடுகிறது. பூ வருகிறது, வந்த வேகத்தில் உதிர்கிறது. கத்தரியும் வெண்டையும் காய்த்துக் குலுங்கும் அதே மாடியில், அதே தண்ணீரில், எலுமிச்சை மட்டும் ஏன் சோர்ந்து நிற்கிறது என்று சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நண்பர்கள் பலரும் கேட்கிறார்கள்.

பெரும்பாலான தொட்டிகளில் அந்தச் சோர்வுக்குப் பசி காரணமில்லை. ஒன்று, வேருக்கு மூச்சு முட்டுகிறது. அல்லது, வேர் பாடுபட்டுச் செய்யும் வேலையை நாம் ஊற்றும் தண்ணீரே அன்றாடம் அழித்துவிடுகிறது. பல தொட்டிகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள, இந்த மரத்தின் குடும்பம் எந்த மண்ணில் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

2018-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 60 வகை சிட்ரஸ் மரங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை, பம்பளிமாஸ் எல்லாம் அடங்கிய இந்தக் குடும்பம், 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்திலிருந்து பரவியதாக அது காட்டியது. கிழக்கு அசாமும் வடக்கு மியான்மரும் மேற்கு யுன்னானும் சேரும் இடம் அது. நம் எலுமிச்சை அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த கலப்பினம். சிட்ரான் என்னும் தடித்த தோல் பழமரம் மகரந்தம் தர, பிலிப்பைன்ஸ் தீவுகளின் மைக்ராந்தா என்னும் காட்டு வகையின் சூலில் உண்டானது. இருந்தாலும் குடும்பத்தின் சுபாவம் அதை விட்டுப் போகவில்லை. அந்த அடிவாரத்தில் மழை கொட்டும், ஆனால் தேங்காது. சரிவில் இறங்கி ஓடிவிடும். காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டதால் மண் அமிலத்தன்மை உள்ளது. மேலே சருகு மக்கிக் கிடக்கும்; அந்தச் சருகுக்குள்தான் உணவு தேடும் மெல்லிய வேர்கள் படர்ந்திருக்கும். குளிர்காலம் வறண்டிருக்கும். அது முடிந்து முதல் ஈரம் பட்டதும் மரம் பூக்கும்.

சென்னை மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி இவை அனைத்துக்கும் நேர் எதிர். அடியில் நீர் தேங்குகிறது, ஊற்றும் நீரில் சுண்ணாம்பு இருக்கிறது, சுற்றிலும் வெயில் காய்கிறது, வறட்சி என்பதையே செடி அறியாதபடி நாம் பார்த்துக்கொள்கிறோம். தொட்டிக்குள் ஒரு மலைச்சரிவை எப்படி உண்டாக்குவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன், வாங்கிய கன்று எப்படிப்பட்டது என்று பார்ப்போம். எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் சில சமயம் இரண்டு மூன்று முளைகள் சேர்ந்து வரும். ஒரே சிட்ரஸ் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதை டச்சுக்காரர் லீவன்ஹுக் 1719-லேயே கண்டு எழுதியிருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் வந்தவை அல்ல. தாய் மரத்தின் திசுவிலிருந்து நேராக முளைத்தவை, தாயின் அச்சு. ஆகவே எலுமிச்சையில் விதைக்கன்றும் பெரும்பாலும் தாயைப் போலவே காய்க்கும். ஆனால் அதற்குப் பல ஆண்டு இளமைப்பருவம் உண்டு. அதுவரை நீண்ட முள்ளும் நெடிய கிளையுமாக வளருமே தவிர, பூக்காது. காய்த்த கிளையிலிருந்து எடுத்த பதியன் அப்படியல்ல. கிளை ஏற்கெனவே முதிர்ந்தது என்பதால் வேர் விட்ட அடுத்த ஆண்டே பூக்கிறது. நர்சரிப் பையில் காய் தொங்குவதற்குக் காரணம் இதுதான். செடி பலமாக இருப்பதற்கு அது அடையாளமாகாது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் வேரை வைத்துக்கொண்டு அது நாலு காயைச் சுமக்கிறது. முதல் ஆண்டு அந்தக் காய்களைக் கிள்ளிவிடுவது நல்லது. மனசு கேட்காது, ஆனாலும் கிள்ள வேண்டும். காய்க்குப் போகும் சர்க்கரை வேருக்குப் போகட்டும்.

இனி தொட்டிக்குள் போவோம். சமையலறையில் பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து, தண்ணீரில் முக்கி, படுக்கை வாக்கில் கையில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அசைக்காமல், அப்படியே செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். மறுபடி நீர் வடியும். பஞ்சு அதேதான், அதன் துளைகளும் அவையேதான். உயரம் மட்டுமே மாறியது. துளைகளின் இழுவிசை நீரை மேலே பிடித்து வைக்கிறது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடியில் குறிப்பிட்ட உயரம் வரை இழுவிசைதான் ஜெயிக்கும்; அந்த அடுக்கில் நீர் முழுக்க நிறைந்திருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துளையின் அளவு. துளை நுண்ணியதாக இருந்தால் நீர் அடுக்கு உயரமாக நிற்கும். பெரிதாக இருந்தால் தாழ்வாக நிற்கும். தொட்டியின் உயரம் அதை மாற்றாது.

தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு நீர் அடுக்கு நிற்கும். களிமண் கலந்த மண்ணில் அது தொட்டியின் பாதிவரைகூட ஏறும். இரண்டு முடிவுகள் இதிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது, ஒரே கொள்ளளவுள்ள அகலமான, தாழ்ந்த தொட்டியைவிட உயரமான தொட்டி எலுமிச்சைக்கு நல்லது. ஈர அடுக்குக்கு மேலே வேர் பரவ இடம் மிஞ்சும். இரண்டாவது, வடிகாலுக்கென்று அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் பயனற்றது; உண்மையில் கெடுதலும்கூட. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லி இடைவெளிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே மண் முழுக்க நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். எனவே ஈர அடுக்கு ஜல்லியின் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். ஜல்லி பிடித்த இடம் வேருக்கு நஷ்டம். மண் ஒழுகாமலிருக்க ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

ஈர அடுக்கால் என்ன கேடு? வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஊடுருவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாக ஊடுருவுகிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 7 அல்லது 8 மில்லிகிராம்தான். வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் இன்னும் குறையும். வேர் சுவாசிக்கும் வேகமோ 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து இறங்குகிறது. மே மாதத்தில், வாடுகிறதே என்று பரிதாபப்பட்டு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றும்போது நடப்பது இதுதான். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. நீருக்கு நடுவில் நின்றுகொண்டே இலை வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம்.

இதன் கூடவே வருவது வேரழுகல். அதை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா, பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் பூஞ்சை அல்ல. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணின் நீரில் நீந்தி வேர் நுனியைத் தேடிப்போகும். நீந்துவதற்கு நீர் வேண்டும், அதை நாம் தருகிறோம். அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிவதும் இதே கிருமியின் வேலைதான். 1830-களில் அசோர்ஸ் தீவுகளின் ஆரஞ்சுத் தோட்டங்கள் இந்தப் பிசின் நோயால் அழிந்தன. அதன் பிறகுதான், நோயைத் தாங்கும் புளிப்பு ஆரஞ்சு அடிக்கட்டையில் இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக்கட்டும் வழக்கம் மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவியது. அந்த அனுபவத்தில் நமக்கும் பயன்படும் விதி ஒன்று இருக்கிறது: ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே, நாலைந்து அங்குலம் உயரத்தில் காய்ந்தபடி இருக்க வேண்டும். பதியன் கன்றானாலும், பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்கக் கூடாது. எருவைத் தண்டோடு ஒட்டிக் குவிப்பதும் அதே தவறுதான்.

கலவை பற்றி ஆளுக்கொரு சூத்திரம் சொல்வார்கள். துளை பெரிதாக இருக்க வேண்டும், அது சில ஆண்டுகளாவது சிதையாமல் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். நாலு பங்கு செம்மண், மூன்று பங்கு கொத்தமல்லி விதை முதல் கொண்டைக்கடலை வரை அளவுள்ள செங்கல் துண்டு, மூன்று பங்கு நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் என்று கலந்தால் சரியாக வரும். கோகோபீட் எடை குறைவு என்பதால் மாடிக்கு வசதிதான். ஆனால் அதை மட்டும் நம்பிப் போட்டால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டி நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். செங்கல் துண்டு தேடும்போது இடிந்த சுவரின் சிமெண்ட், காரைப் பூச்சு ஒட்டியதை எடுக்காதீர்கள். அவற்றில் சுண்ணாம்பு இருக்கிறது. எலுமிச்சையின் முதல் எதிரி அது. ஏன் எதிரி என்பதற்கு இலையைப் பார்க்க வேண்டும்.

வெளிறிய இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது, அது கிளையில் எங்கே இருந்தது என்பது. நைட்ரஜனும் மக்னீசியமும் செடிக்குள் நடமாடக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். எனவே பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன் குறைவு. காம்பருகில் மட்டும் தலைகீழான ஆங்கில ‘வி’ வடிவத்தில் பச்சை மிஞ்சி, ஓரங்கள் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. இரும்பும் துத்தநாகமும் ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்தால் எளிதில் வெளியே வராதவை. அவை குறையும்போது கொழுந்துதான் அவதிப்படும். புது இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்புக் குறைவு. இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக வெளிறினால் துத்தநாகம். சென்னை மாடிகளில் நான் அதிகம் பார்ப்பது அந்தப் பச்சை வலைதான்.

செம்மண்ணின் சிவப்பே இரும்புதானே, அதில் எப்படி இரும்புக்குப் பஞ்சம் வரும்? மண்ணில் இரும்பு நிறைய இருக்கிறது. ஆனால் துருவாக, கரையாமல் கிடக்கிறது. அது கரைவது மண்ணின் பிஎச் அளவைப் பொறுத்தது. அமிலத்தன்மை குறைந்து பிஎச் ஓர் அலகு ஏறினால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எலுமிச்சை வேர் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. தன்னிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு மயிரிழை அளவு மண்ணைப் புளிப்பாக்கும். அங்கே கரையும் இரும்பை, வேரின் மேல்தோலில் உள்ள ஒரு நொதி உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றும். அடிவாரத்துப் புளிப்பு மண்ணில் இந்த வேலை சுலபம். நம் ஆழ்துளைக் கிணற்று நீரிலோ பைகார்பனேட் இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிவதற்குக் காரணமானது அதுதான். வேர் கசியவிடும் அமிலத்தைப் பைகார்பனேட் உடனுக்குடன் விழுங்கிவிடுகிறது. இன்று வேர் புளிப்பாக்கியதை நாளைக் காலை வாளித் தண்ணீர் அழித்துவிடும். எருவாகக் கொட்டிய சத்தும் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும்.

எனவே வெளிறிய எலுமிச்சைக்கு முதல் மருந்து தண்ணீரை மாற்றுவது. மழைநீர் இயல்பாகவே சற்று அமிலமானது, சுண்ணாம்பு இல்லாதது. தொட்டிமரம் நாலு நல்ல மழையில் நனைந்த பிறகு விடும் கொழுந்து கரும்பச்சையாக இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு இல்லாதது. கோடையில் ஓர் அறை ஏசியிலிருந்து தினம் சில லிட்டர் கிடைக்கும். அதை எலுமிச்சைக்கென்று ஒதுக்கலாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீர் இதற்கு நேர்மாறு. அதில் உப்பும் பைகார்பனேட்டும் செறிந்திருக்கும். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். எலுமிச்சைக்கு வேண்டாம், வாசல் கழுவப் பயன்படுத்தலாம். முட்டை ஓட்டுத் தூளும் கால்சியம் கார்பனேட்தான். கடின நீர் குடிக்கும் தொட்டிக்கு அதைப் போடுவது ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்போடு இன்னும் சுண்ணாம்பைச் சேர்ப்பதாகும்.

புளித்த மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றினால் மண் புளிப்பாகாதா? ஆகும், ஆனால் சில நாளைக்குத்தான். இவையெல்லாம் கரிம அமிலங்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று முடிக்கும்போது, அமிலம் நடுநிலையாக்கிய அதே அளவு பைகார்பனேட் திரும்பப் பிறந்துவிடும். நிலைத்து நிற்பது கந்தகம். மண்ணின் பாக்டீரியாக்கள் அதை மெதுவாகக் கந்தக அமிலமாக்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள நீரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 5 கிராம் கந்தகத் தூள் முழுவதும் அமிலமாகும்போது 60 லிட்டர் நீரின் பைகார்பனேட்டை ஈடுகட்டும். அது ஒரு பெரிய தொட்டி கோடையில் ஒரு மாதம் குடிக்கும் நீர். எனவே மாதத்துக்கு ஒரு சிறு தேக்கரண்டி, மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் வேர் பொசுங்கும். அம்மோனியம் சல்பேட்டும் மண்ணைப் புளிப்பாக்கும் உரம்தான். செடி ஏற்கெனவே மிகவும் வெளிறியிருந்தால் இரும்பை நேரடியாகக் கொடுக்க வேண்டும். உரக்கடையில் இரும்புச் செலேட் கேட்டால் பெரும்பாலும் இடிடிஏ வகையைத் தருவார்கள். அது பிஎச் 6.5-க்கு மேல் பிடி தளர்ந்து இரும்பைக் கைவிட்டுவிடும். கார மண்ணிலும் தாங்குவது இடிடிஎச்ஏ என்ற வகை. நீரில் கரைத்தால் செந்நிறமாக இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் கொஞ்சம் போதும்.

ஒரு வெளிறல் மட்டும் வேறு. இலையின் நடுநரம்புக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி என்று பொருந்தாத திட்டுகள் தெரிந்து, காயும் கோணலாக வளர்ந்தால், அது சத்துக்குறைவாக இருக்காது. சிட்ரஸ் கிரீனிங் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். சிட்ரஸ் சில்லிட் என்ற சிறு பூச்சி அதைப் பரப்புகிறது. பக்கத்துத் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைக் கொழுந்திலும் அந்தப் பூச்சி பெருகும், ஏனெனில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். இந்த நோய்க்கு மருந்து இல்லை. உறுதியாகத் தெரிந்தால் செடியை அகற்றுவதே சரி.

உணவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். எலுமிச்சை நைட்ரஜனை விரும்பும் மரம். கடலைப்புண்ணாக்கும் வேப்பம்புண்ணாக்கும் அதை நிதானமாகத் தரும். ஒரே தடவையில் நிறைய போடாமல், கொழுந்து கிளம்பும் சமயத்தில் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துப் போட வேண்டும். புண்ணாக்கை ஊறவைத்து நாற்றமெடுக்கவிட்டு ஊற்றுகிறவர்கள் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றட்டும். எலுமிச்சை வேர்களில் வேர்த்தூவிகள் குறைவு. அந்தக் குறையை ஒருவகை வேர்ப் பூஞ்சை ஈடுசெய்து, பாஸ்பரஸைத் தேடிக் கொண்டுவந்து தருகிறது. வேம் என்ற பெயரில் உயிர் உரமாகக் கிடைப்பது அதுதான். நடும்போது வேரில் படும்படி போட வேண்டும்.

நீர் ஊற்றும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். நாள்தோறும் ஒரு செம்பு என்று ஊற்றினால் அடியில் எதுவும் வடியாது. நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இலை நுனியில் கருகலும் அதன் அடையாளங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் குறைந்த பிறகு, அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். வடிந்த நீரில் தொட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது. தொட்டியை மூன்று செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் ஓட்டை அடைபடாது, தளத்தின் சூடும் ஏறாது. சூடு சாதாரண விஷயமில்லை. மேல்வெயில் படும் கறுப்புத் தொட்டியின் ஓரத்து மண், வேர் தாங்கும் அளவைக் கோடையில் எளிதில் தாண்டிவிடும். 35 டிகிரிக்கு மேல் சிட்ரஸ் வேரின் வளர்ச்சி தளர்கிறது. நிழல் தேவைப்படுவது செடிக்கல்ல, தொட்டிக்கு. மேற்குப் பக்கம் வேறு தொட்டிகளை அணைத்து வைக்கலாம், சாக்கு சுற்றலாம். மண்தொட்டி தானாகவே ஈரம் கசிந்து குளிரும், எடைதான் சிக்கல். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் சருகு போட்டால் ஈரமும் காக்கும், குளிர்ச்சியும் தரும். அடிவாரத்து மரம் வேர் பரப்பியிருந்த இடமும் சருகுதானே.

எலுமிச்சை ஆண்டு முழுக்க ஒரே சீராக வளர்வதில்லை. அலையலையாகக் கொழுந்து விடும், இடையில் ஓய்வெடுக்கும். கொழுந்து அலை வரும்போது விருந்தாளிகளும் வருவார்கள். இலையில் வெள்ளிக்கோடு போட்டது போல வளைந்து வளைந்து தடம் தெரிந்தால் இலைத்துளைப்பான், இலை சுருளும். கொழுந்து மிளகளவு இருக்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். சுருண்ட இலையையும் பறிக்க வேண்டாம், அதன் பச்சைப் பகுதி உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு விருந்தாளியை நின்று பார்க்க வேண்டும். கொழுந்தின் மேல் பறவை எச்சம் போல, பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஈரமாக வெளியே நீளும். கூடவே காரமான நெடி அடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்ட அதற்கிருக்கும் ஆயுதம் அந்தக் கொம்பு. சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாளில் பல இலைகளைத் தின்னும். முதிர்ந்த மரம் இரண்டு மூன்று புழுக்களைத் தாங்கும், விட்டுவிடலாம். கன்று தாங்காது. மருந்தடிக்காமல் இலையோடு எடுத்து, அருகில் பெரிய நாரத்தையோ வில்வமோ இருந்தால் அதில் விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வில்வமும் இதே குடும்பம், புழு பழகிக்கொள்ளும்.

செடி கரும்பச்சையாகிவிட்டது, ஆனால் பூக்கவில்லை என்பது அடுத்த கட்டத்துக் கவலை. குளிர் நாடுகளில் சிட்ரஸ் மரத்தைப் பூக்க வைப்பது குளிர்; நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அந்த இடத்தில் வறட்சி இருக்கிறது. ஸ்டீபன் சவுத்விக்கும் தாமஸ் டேவன்போர்ட்டும் 1986-இல் டஹிட்டி எலுமிச்சையில் இரண்டையும் சோதித்து, குளிரைப் போலவே நீர்ப் பற்றாக்குறையும் பூமொட்டைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். உழவர்களுக்கு இது முன்பே தெரியும். சிசிலியில் கோடையில் நீரை நிறுத்தி, இலை வாடியதும் பாய்ச்சி, பருவம் தவறிப் பூக்கவைத்து, அடுத்த கோடையில் நல்ல விலைக்கு விற்பார்கள். மகாராஷ்டிரத்து ஆரஞ்சு விவசாயிகள் பஹார் என்று சொல்லி இதையே செய்கிறார்கள். தொட்டியில் செய்யும்போது நிதானம் வேண்டும், ஏனென்றால் தரையில் மூன்று வாரம் எடுக்கும் வறட்சி தொட்டியில் மூன்றே நாளில் வந்துவிடும். நல்ல திடமான, காயில்லாத மரத்துக்கு மட்டும், தை மாசி வாக்கில், நண்பகலில் இலை லேசாக உள்வளைந்து மாலையில் நிமிரும் அளவுக்கு நீரைக் குறைத்து, அந்த நிலையில் சில வாரம் வைத்திருக்கலாம். மாலையிலும் நிமிரவில்லை என்றால் அளவு தாண்டிவிட்டது, அன்றே ஊற்றுங்கள். பிறகு புண்ணாக்கும் முழு நீரும் கொடுத்தால் கொழுந்தோடு மொட்டும் வரும்.

வந்த பூவில் பெரும்பகுதி உதிரும். அது நோயில்லை. ஒரு பெரிய ஆரஞ்சு மரம் லட்சம் பூ பூத்தால் அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பழமாகிறது. பட்டாணி அளவில் பிஞ்சும் ஒரு முறை கொட்டும். தாங்க முடிந்ததை மட்டும் மரம் வைத்துக்கொள்கிறது.

தொட்டியில் எத்தனை காலம் வளர்க்கலாம்? வெர்சாய் அரண்மனையில் 14-ஆம் லூயிக்காக 1684 முதல் 1686 வரை கட்டிய ஓரான்ஜரி மண்டபத்தில், இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டிகளில் வளர்கின்றன. குளிரில் உள்ளே, மே மாதத்தில் வெளியே. அவற்றில் 200 ஆண்டு தாண்டிய ஆரஞ்சு மரங்கள் உண்டு. அந்தப் பெட்டியின் பக்கப் பலகைகளைக் கதவுபோலக் கழற்றலாம். கழற்றி, சுற்றி வளைந்த பழைய வேரை வெட்டி, புது மண் நிரப்பி மூடுவார்கள். நம் தொட்டிக்கும் இதுவே தேவை. மூன்று நான்கு ஆண்டில் எரு மக்கிக் கரைந்து, துளை அடைந்து, ஈர அடுக்கு மேலேறிவிடும். வேர் சுவரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆடி கழிந்து வெயில் தணிந்ததும் மரத்தை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் ஓரத்தில் இரண்டு அங்குலம் சீவி, அடியையும் சீவி, புதுக் கலவையில் வையுங்கள். வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் கவாத்து செய்ய வேண்டும், இல்லையேல் இருக்கும் வேரால் இருக்கும் இலைக்கு நீர் தர முடியாது. ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுவரலாம்.

பூவிலிருந்து பழத்துக்கு ஐந்தாறு மாதம். மஞ்சளாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சிட்ரஸ் தோலின் பச்சை கரைவதற்கு இரவுக் குளிர் துணை வேண்டும். சென்னையின் வெக்கையில் பழம் சாறு கட்டிய பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். தோலின் சொரசொரப்பு போய் வழவழப்பாகி, அழுத்தினால் சற்றே இடம்கொடுத்தால் பறிக்கலாம். பறித்த பிறகு இது மாம்பழம் போலப் பழுக்காது என்பதால் அவசரப்பட்டுப் பறிப்பதில் லாபமில்லை. திருகி இழுக்காமல், காம்பில் ஒரு துளி விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் காம்படியில் தோல் கிழிந்து அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.